மின்சாரம் குற்றவாளியல்ல, பலவந்தமே குற்றவாளி!

"கீழ்ப்பாக்கம்" என்ற சொல்லைக் கேட்டதும் நமது நாட்டிலே சிரிப்பு வருகிறது. மாற்றுக் கட்சிக்காரருக்குப் பதில் கூற வாதம் கிடைக்காத பேச்சாளர், "அவரைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புங்கள்" என்கிறார், கூட்டம் கைதட்டுகிறது. "நாலு ஷாக் கொடுத்தால் தெளிந்துவிடும்" என்று சேர்த்துக் கொண்டால் கைதட்டல் இரட்டிக்கிறது. சினிமாக்காரர்களும் தம் பங்குக்கு, கட்டிலோடு கட்டிய மனிதன், தலையிலே கம்பி, துடிக்கும் உடல் என்று பயங்கரத்தைக் காட்டிக் காசு பார்த்துவிட்டார்கள்.

இந்தச் சிரிப்பும் இந்தப் பயமும் சேர்ந்து யாரை அடித்திருக்கின்றன? பணக்காரரை அல்ல. உழைப்பாளியை!

கொரட்டூரை எடுத்துக் கொள்ளுங்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஒரு பக்கம், பாடி ஆலைகள் ஒரு பக்கம்; நடுவே உழைப்பாளிக் குடும்பங்கள் நெருங்கி வாழும் ஊர். இங்கே ரயிலேறிப் பட்டணம் நோக்கிப் போனால் அடுத்த நிலையம் வில்லிவாக்கம், அதற்கப்பால் அயனாவரம். அயனாவரத்திலே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. கை நசுங்கினாலும் காய்ச்சல் கண்டாலும் தொழிலாளி தயங்காமல் அங்கே போகிறார். அதே வட்டாரத்தில், மேடவாக்கம் குளச் சாலையிலே, சர்க்கார் மனநல ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஊரார் "கீழ்ப்பாக்கம்" என்று சொல்வது அதைத்தான். 1794ல் கும்பினியார் காலத்தில் தோன்றி, 1871ல் இப்போதுள்ள தோட்டத்துக்கு வந்த நிலையம் அது. "பைத்தியக்கார விடுதி" என்ற பழைய பெயரை 1922லேயே மாற்றிவிட்டார்கள். நூறாண்டு கடந்தும் ஊரார் வாயிலே மட்டும் அந்தப் பெயர் மாறவில்லை. முதல் ஆஸ்பத்திரிக்குத் தாராளமாகப் போகிற கால், இரண்டாவது ஆஸ்பத்திரி வாசலிலே பின்வாங்குகிறது.

இது சோம்பலா?

தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் தோழர் ஒருவர் என்று வைத்துக் கொள்வோம். நல்ல வேலைக்காரர். சில மாதமாக விடியுமுன்னே விழித்துக் கொள்கிறார். பிறகு தூக்கம் வருவதில்லை. அளவு தவறுகிறது, மேஸ்திரி ஏசுகிறார். சாப்பாடு இறங்கவில்லை. செய்யாத குற்றத்துக்கெல்லாம் தன்னையே நொந்து கொள்கிறார். "சோம்பேறி" என்கிறது பட்டறை; "செய்வினை" என்கிறது தெரு; "குடித்தால் சரியாகும்" என்கிறான் கூட்டாளி. கடைசியில், பேச்சும் நின்று, பச்சைத் தண்ணீரும் மறுத்து, சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறார்.

இதுதான் கடும் மனச்சோர்வு. சோம்பலுமல்ல, சூனியமுமல்ல, உயிரைக் குடிக்கும் நோய். தேசியக் குற்றப் பதிவு நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் இந்தியாவிலே தற்கொலை செய்து கொண்டோர் 1,64,033 பேர். அவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள். நாலில் ஒருவர்! தினக்கூலிகளின் இந்தச் சாவுப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது எந்த மாநிலம்? நமது தமிழ்நாடுதான்: 7,673 பேர். இத்தனை சாவுக்கும் நோய் ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. கடன், குடி, வேலையின்மை, குடும்பக் கஷ்டம் எல்லாம் உண்டு. ஆனால் இவற்றோடு நோயும் கைகோர்க்கும்போது, வைத்தியமாவது கிடைக்க வேண்டாமா?

அந்த லேத் தொழிலாளிக்கு வாரக் கணக்கில் மாத்திரை கொடுத்தும் பலனில்லை என்றால், டாக்டர் ஒரு யோசனை சொல்லக்கூடும். மின்னதிர்ச்சிச் சிகிச்சை! அதைக் கேட்டதும் வீடு நடுங்குகிறது. "ஐயோ, கரண்ட் வைக்கவா?" என்று அழுகிறது. இந்த இடத்திலேதான் உலகமெங்கும் நடக்கும் விவாதம் கொரட்டூர்த் தெருவுக்குள்ளும் நுழைகிறது.

ரோம் நகரிலே பிறந்த கதை

1938, ஏப்ரல் மாதம். இத்தாலி நாட்டு ரோம் நகரில் உகோ செர்லெட்டி, லூச்சியோ பினி என்ற இரு டாக்டர்கள் இதை முதன்முதலில் மனிதனுக்குச் செய்து பார்த்தார்கள். வலிப்பு வந்தால் சில மனநோய்கள் தணிகின்றன என்ற கருத்து அதற்கு முன்பே இருந்தது. 1934ல் புடாபெஸ்ட் நகரில் மெடுனா என்ற டாக்டர், கற்பூர ஊசி போட்டு வலிப்பை வரவழைத்தார். ரோம் டாக்டர்கள் ஊசிக்குப் பதில் மின்சாரத்தைக் கையாண்டார்கள். பன்றி அடிக்கும் கொட்டடியிலே, தலையில் மின்சாரம் பாய்ந்த பன்றி வலிப்பு வந்து விழுந்ததே தவிர, அதனாலேயே சாகவில்லை என்பதைச் செர்லெட்டி கண்டிருந்தார்.

முதல் நோயாளி யார்? ரோம் ரயில் நிலையத்திலே திக்குத் தெரியாமல் திரிந்து, போலீசாரால் அனுப்பப்பட்ட ஒரு மனிதர். அவரை யாரும் சம்மதம் கேட்கவில்லை. முதல் அதிர்ச்சி முடிந்து இரண்டாவதுக்கு ஆயத்தமானபோது, "வேண்டாம்" என்று அவர் மறுத்ததைச் செர்லெட்டியே பின்னாளில் எழுதி வைத்தார். மறுத்தும் கொடுத்தார்கள். பல தடவை கொடுத்த பிறகு அவர் தேறினார் என்பதும் அதே வரலாற்றில் உண்டு.

தோழர்களே, இந்த விவாதம் முழுவதும் அந்த முதல் நாளிலேயே அடங்கியிருக்கிறது. மனிதர் தேறினார் என்பதைப் பிடித்துக் கொண்டு ஒரு தரப்பு வாதாடுகிறது. மனிதரைக் கேட்கவில்லை என்பதைப் பிடித்துக் கொண்டு மறு தரப்பு வாதாடுகிறது. இரண்டும் உண்மை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கிவிடாது.

அன்றைய முறையும் இன்றைய முறையும்

அன்று மயக்க மருந்து கிடையாது. நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துக் கொள்வார்கள். வலிப்பின் வேகத்தில் முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. சினிமா காட்டும் பயங்கரம் முழுக் கற்பனையல்ல. அந்த நாளின் நிஜம்.

1950களிலே தசையைத் தளர்த்தும் மருந்து புழக்கத்துக்கு வந்தது. இன்றைய முறையில் நோயாளி பல மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். மயக்க டாக்டர் அவரைத் தூங்க வைக்கிறார். தசை தளர மருந்து ஏற்றுகிறார். மூச்சுக்கு ஆக்ஸிஜன் கொடுக்கிறார். பல்லுக்கிடையே கட்டை வைத்த பிறகு, சில விநாடி மின்சாரம். மூளைக்குள்ளே வலிப்பு ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. உடம்பு பெரிதாகத் துள்ளுவதில்லை. நோயாளி விழிக்கும்போது, நடந்தது அவருக்குத் தெரியாது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாக, மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு தடவை வரை செய்வது வழக்கம்.

பலன் உண்டா? 2003ல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட பிரிட்டிஷ் குழுவின் தொகுப்பாய்வு, "உண்டு" என்றது. மயக்க மருந்து மட்டும் கொடுத்து மின்சாரம் பாய்ச்சாமல் விட்டவர்களைக் காட்டிலும், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களைக் காட்டிலும், இந்தச் சிகிச்சை பெற்றவர்களின் மனச்சோர்வு குறுகிய காலத்தில் அதிகம் குறைந்தது என்று காட்டியது. உண்ணாமல் கிடப்பவர், சாவதற்கே துணிந்துவிட்டவர் போன்றோருக்கு விரைவிலே பலன் தருவது இது என்பது டாக்டர்களின் அனுபவம். உயிராபத்தும் மிகச் சொற்பம். பல நாட்டுக் கணக்குகளைத் திரட்டி 2017ல் வெளிவந்த ஆய்வு, லட்சம் தடவைக்கு ஏறத்தாழ இரண்டு சாவு என்று மதிப்பிட்டது.

எதிர்ப்போர் சும்மா எதிர்க்கவில்லை

அப்படியானால் எதிர்ப்பவர்கள் அறியாதவர்களா? இல்லை. 2019ல் ஜான் ரீட், இர்விங் கிர்ஷ் முதலிய அறிஞர்கள் பழைய சோதனைகளை எடுத்து அலசினார்கள். மின்சாரமில்லாத பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்ட சோதனைகள் பதினொன்றே; அத்தனையும் 1986க்கு முற்பட்டவை; தரத்திலும் குறைந்தவை. இவற்றை நம்பியா இத்தனை பேரின் தலையிலே கை வைப்பது என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

அடுத்தது ஞாபகம். சிகிச்சை நடந்த நாட்களை ஒட்டிய நினைவுகள் மங்குவது சாதாரணம். பெரும்பாலோருக்கு அது சீர்படுகிறது. சிலருக்குச் சில நினைவுகள் திரும்புவதே இல்லை. மகளின் கல்யாணத்தை மறந்த தகப்பனிடம், "இது சிறு பக்க விளைவு" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆகவே இதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாமல் வாங்கும் கையெழுத்து சம்மதமாகாது.

மூன்றாவது, பலன் நீடிப்பது. 2001ல் அமெரிக்காவில் சாக்கைம் என்பாரின் குழு, இந்தச் சிகிச்சையால் தேறியவர்களை ஆறு மாதம் கவனித்தது. வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிலே நூற்றுக்கு 84 பேர் மறுபடியும் நோயில் விழுந்தார்கள். இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தொடர்ந்து பெற்றவர்களில் விழுந்தவர்கள் நூற்றுக்கு 39 பேர். இதற்கு அர்த்தம் என்ன? ஷாக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்பது பொய். விழுந்தவனைத் தூக்கி நிறுத்துவது ஒரு வேலை. மறுபடி விழாமல் பிடித்துக் கொள்வது மறு வேலை.

ஏழைக்கு எந்த முறை?

இனி நமது நாட்டுக்கு வருவோம். மயக்க மருந்து இல்லாமல் செய்யும் பழைய முறை, வெளிநாடுகளில் கைவிடப்பட்ட பின்னும் இந்தியாவிலே பல இடங்களில் நீடித்தது. காரணம் கொடுமைக் குணம் மட்டுமல்ல. மயக்க டாக்டர் இல்லை, கருவி இல்லை, காசு இல்லை. 2001ல் 'சார்த்தக்' என்ற அமைப்பு, இதைத் தடுக்கக் கோரி உச்ச நீதிமன்றம் சென்றது.

டாக்டர்களுக்கிடையே வாதம் மூண்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்து டாக்டர் சித்தரஞ்சன் ஆண்ட்ரடே 2003ல் எழுதினார்: மயக்க வசதியுள்ள முறையே சிறந்தது, ஆனால் அந்த வசதியே இல்லாத இடத்தில், நோயாளி சாகக் கிடக்கும்போது, அரிதாகச் சில சமயம் பழைய முறைக்கும் நியாயம் உண்டு என்றார். அறவே தடுத்தால் ஏழைக்கு எந்த வைத்தியமும் கிட்டாமல் போகும் என்ற கவலை அதிலே இருந்தது. புனேயில் பாபு டிரஸ்டை நடத்திய பார்கவி தாவர் போன்றோர் கடுமையாக எதிர்த்தார்கள். வசதியில்லை என்பது கொடுமைக்கு அனுமதிச் சீட்டாகுமா என்பது அவர்கள் கேள்வி.

நாம் கேட்கிறோம்: ஏழைக்கு இரண்டே வழிதானா? ஒன்று, எலும்பு நொறுங்க வைத்தியம். இல்லாவிட்டால், வைத்தியமே இல்லாத சாவு! குடல்வால் அறுக்க வந்த தொழிலாளியிடம், "மயக்க டாக்டர் இல்லை, நாலு பேர் பிடித்துக் கொள்ளட்டும், அறுக்கிறோம்" என்று எந்தச் சர்க்காராவது சொல்லத் துணியுமா? வயிற்றுக்கு உள்ள மரியாதை மூளைக்கு இல்லையா? இங்கே பஞ்சம் மின்சாரத்துக்கல்ல, மயக்க டாக்டருக்கு. அந்தப் பஞ்சத்தைத் தீர்க்க வேண்டியது நோயாளியின் முதுகெலும்பல்ல, சர்க்காரின் பட்ஜெட்!

சட்டம் என்ன சொல்கிறது?

அதே 2001, ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் விடுதி தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் கருகினார்கள். மாண்டவர் 28 பேர். நாடு வெட்கித் தலைகுனிந்த நாள் அது.

2017ல் நிறைவேறி 2018ல் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவைப் படியுங்கள். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாத மின்னதிர்ச்சி கூடாது என்று அது தடுக்கிறது. அதே பிரிவிலேதான், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்ற தடையும் வருகிறது. பலவந்த ஷாக்கும் சங்கிலியும் ஒரே வரிசையில்! பொருத்தமான இடம்தான். பதினெட்டு வயது நிறையாதவருக்கு இந்தச் சிகிச்சை கூடாது. மிகவும் அவசியமென்றால், காப்பாளரின் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

94ஆம் பிரிவு மேலும் ஒரு கதவை அடைக்கிறது. அவசர சிகிச்சை என்ற பெயரைச் சொல்லி மின்னதிர்ச்சி கொடுக்கக் கூடாது. உண்ணாமல் கிடக்கும் நோயாளி தாமதத்தால் செத்துவிட மாட்டாரா என்று டாக்டர்கள் சிலர் இதைக் குறை கூறுகிறார்கள். அந்தக் கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் "அவசரம்" என்ற சொல்லின் பெயராலே ஏழைக்கு எத்தனை அநியாயம் நடந்திருக்கிறது என்பதையும் மறக்க முடியாது. சம்மதத்தையும் மேற்பார்வையையும் துரிதமாக்க வழி காணட்டும். சம்மதமே வேண்டாம் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

சட்டம் இன்னொரு ஆயுதமும் தந்திருக்கிறது. நோய் வந்தால் எனக்கு இன்ன வைத்தியம் செய்யலாம், இன்னது கூடாது என்று, தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். எனக்காகப் பேச இன்னார் என்று ஒருவரை நியமிக்கலாம். மாமியார் சொன்னார், மேஸ்திரி சொன்னார் என்பதெல்லாம் சம்மதமல்ல. புரிந்து முடிவெடுக்கக் கூடிய நிலையிலிருக்கும் நோயாளியின் சொல்லே சொல்!

கூலிக்கு என்ன வழி?

விவாதிக்கும் மேதைகள் தொடாத கேள்வி ஒன்றுண்டு. ஆறு தடவை, பத்துத் தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறும் வயிற்றோடு போய், தலை கிறுகிறுக்கத் திரும்ப வேண்டும். துணைக்கும் ஒருவர் வேண்டும். அதாவது, ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் கூலி போகிறது. நாலாவது தடவைக்கு வராமல் நின்றுவிடும் நோயாளியை, "ஒத்துழைக்கவில்லை" என்று சீட்டில் எழுதிவிடுவது சுலபம். ஒத்துழைக்காதது அவரா, அவருடைய அடுப்பா?

இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தோழர்கள் தெரிந்து கொள்ளுங்கள். நோய்க்கால உதவியாகச் சராசரி தினக்கூலியில் நூற்றுக்கு 70 வீதம், வருடத்தில் 91 நாள் வரை உண்டு. நீண்டகால நோய்கள் 34 கொண்ட பட்டியல் ஒன்றும் உண்டு. அதிலே வந்தால் நூற்றுக்கு 80 வீதம், மேலும் நீண்ட காலத்துக்குக் கிடைக்கும். 'சைக்கோசிஸ்' என்ற கடும் மனநோய் வகை அந்தப் பட்டியலிலே இருக்கிறது. தமது நோய் அதில் அடங்குமா என்று டாக்டரைக் கேட்டுச் சான்று பெறுவது தொழிலாளியின் உரிமை; பிச்சையல்ல. ஆனால் அட்டையே இல்லாத காண்டிராக்ட் கூலிகளின் கதி? சங்கங்கள் போராட வேண்டிய இடம் இதுதான்.

ஓர் அரசியல்வாதியின் கதை

அமெரிக்காவில் 1972ல் துணை ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தப்பட்டவர் தாமஸ் ஈகிள்டன். முன்னொரு காலத்தில் மனச்சோர்வுக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர் என்ற செய்தி வெளியாயிற்று. பதினெட்டே நாளில் விலக்கப்பட்டார். அவர் புத்தி கெட்டுப் போயிருந்ததா? இல்லை. அதன் பிறகும் அவருடைய மாநில மக்கள் 1974லும் 1980லும் அவரையே செனட்டராகத் தேர்ந்தெடுத்தார்கள். கட்சிக்காரர்கள் பயந்தார்கள், மக்கள் பயப்படவில்லை.

இந்தக் கதையிலே நமக்குப் பாடம் உண்டு. நமது கிளைகளில், சங்கங்களில், மாத்திரைச் சீட்டைச் சட்டைப் பையில் மறைத்துக் கொண்டு வேலை செய்யும் தோழர்கள் இல்லையா? மேடையிலே "கீழ்ப்பாக்கம்" என்று ஒருவர் கேலி பேசும்போது, எதிராளிக்கு ஒன்றும் ஆவதில்லை. கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கும் அந்தத் தோழரின் நெஞ்சில்தான் அந்தச் சொல் பாய்கிறது. அதைத் தாங்க முடியாமல் அவர் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திக் கொண்டால், அந்தப் பழி யாரைச் சாரும்?

ஆகவே நாம் கூறுவது இதுதான். மின்னதிர்ச்சிச் சிகிச்சை சர்வரோக நிவாரணியல்ல. சித்திரவதைக் கருவி என்று ஒழிக்கத் தக்கதுமல்ல. மற்ற வழிகள் பலிக்காதபோது, உயிர் ஊசலாடும்போது, நோயாளியின் சம்மதத்தோடு, மயக்க டாக்டரின் துணையோடு, பின்னால் தொடரும் மருந்தோடும் பேச்சோடும் கூடியதாக அது இருக்கட்டும். சம்மதமின்றி வேண்டாம், மயக்க மருந்தின்றி வேண்டாம், தண்டனையாக ஒருநாளும் வேண்டாம்! எந்தச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டர் இடம் காலியாகக் கிடக்கிறது என்று கேட்கும் மனுக்கள் தொழிற்சங்கங்களிலிருந்து புறப்படட்டும்.

பக்கத்து லேத்திலே நிற்கும் தோழர் பேச்சை நிறுத்திவிட்டாரா, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே மூடுகிறாரா, கவனியுங்கள். கேலி செய்யாதீர்கள், குடிக்கக் கூப்பிடாதீர்கள். "என்ன அண்ணே, உடம்புக்கு?" என்று கேளுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். போன் போதாதென்றால், வில்லிவாக்கம் வண்டியிலே அவரோடு நீங்களும் ஏறுங்கள். ஒருநாள் கூலி போகும். ஓர் உயிர் நிற்கும்!